மாமியார் பெட்டி

நான் வேலை செய்யும், ருசி பார்க்கும் அறையில் காப்பியைக் குடிப்பதில்லை. உறிஞ்சி, நாக்கின் மேல் ஒரு முறை ஓடவிட்டு, துப்பிவிடுவோம். "ஊரே குடிக்கிறதுக்கு அலையுது, உனக்குத் துப்புறதே உத்தியோகம்" என்பார் என் கணவர். அவர் பஸ் ஓட்டுகிறவர். பகல் முழுக்க மனிதர்களின் சத்தத்துக்குள் இருந்துவிட்டு வந்தும் பேச அவருக்கு இன்னும் மிச்சம் இருக்கும். எனக்கு எப்போதுமே மிச்சம் இருந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. அங்கே பேசாமல் இருப்பதுதான் விதி.

நீளமான மேஜை. வெள்ளைக் கிண்ணங்கள். தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, வறுத்து, அரைத்து, கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றுவோம். நான்கு நிமிடத்தில் தூள் மேலே வந்து ஏடு கட்டி நிற்கும். கரண்டியின் முதுகால் அந்த ஏட்டை உடைக்கும்போது மூக்கு கிண்ணத்துக்குள் இருக்க வேண்டும். பாதித் தீர்ப்பு அந்த ஒரு மூச்சில் இருக்கிறது. வெந்நீர் ஊற்றியதிலிருந்து கடைசி ஆள் துப்பி முடிக்கும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. புருவத்தைக்கூட உயர்த்தக் கூடாது. அவரவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பிறகு, கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் முதலில் சொல்வார். பழைய ஆள் முதலில் சொன்னால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. எங்களில் கடைசியாகச் சேர்ந்தவள் லேப். வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவள். வந்த அன்று வைத்த பெயர் இரண்டு வருடமாகியும் போகவில்லை. அடுத்தது வறுவல். சாம்பிள்களை வறுப்பதும் அவன்தான். மூன்றாவது நான். என்னை மூக்கம்மா என்பார்கள். அடுத்த கட்டடத்தில் யாராவது ஆரஞ்சு உரித்தால் சொல்லிவிடுவேன் என்பதால் வந்த பெயர். எங்களுக்கெல்லாம் மேலே மேடம். அவர் தீர்ப்பில் கையெழுத்துப் போடுவார்.

எழுபது நாட்களாக எனக்கு வாசனை தெரியவில்லை.

ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது மூக்கைக் கூடவே எடுத்துப் போய்விட்டது. சில மாதங்களில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். தினமும் இரண்டு வேளை கிராம்பையும் எலுமிச்சைத் தோலையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். திரும்பி வருவதாக இருந்தால், ஆரம்பத்தில் எல்லாமே கெட்ட நாற்றமாகத்தான் வரும், பயப்படாதீர்கள் என்றார். எனக்குக் கெட்டதும் வரவில்லை. மூச்சு உள்ளே போய், வெளியே வந்தது. அவ்வளவுதான்.

வேலையில் யாரிடமும் சொல்லவில்லை. நாக்கு இருந்தது. புளிப்பு, கசப்பு, இனிப்பு, நாக்கின் மேல் காப்பி நிற்கும் கனம், இந்த நான்கும் தெரிந்தன. மற்றதற்கு எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசினார்கள். அவர்கள் சொன்னதில் ஒன்றை எடுத்து, என் நாக்குக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திருடுவதற்கு இவ்வளவு வசதியான இடம் அந்த மேஜையில் இருந்தது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அந்த வியாழக்கிழமை மழை. ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். ஐந்து லாட்டுகள். ஐந்தாவதை முகர்ந்து முடித்ததும் வழக்கம்போல லேப் முதலில் சொன்னாள்.

"மாமியார் பெட்டி. நல்லாவே தெரியுது."

வறுவல் மேஜையின் அந்தக் கோடியில், வறுக்கும் இயந்திரத்தின் பக்கம் நின்றான். "எனக்கு வரல. சுத்தமா இருக்கு."

என் முறை. ஒரு குறையை இரண்டு பேர் சொன்னால், மேடத்துக்குத் தெரியாவிட்டாலும், லாட்டைத் தள்ளிவிடுவோம். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். ஒரு தண்ணீர்க் குவளையைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. லேப் படித்தவள்; அவள் குரலில் உறுதி இருந்தது. வறுவல் சில நாள் அசட்டையாக இருப்பான். இவ்வளவுதான் நான் யோசித்தது.

"லேசா இருக்கு" என்றேன். "புளிப்பும் கொஞ்சம் தூக்கல்."

மேடம் எழுதினார். நாற்பது மூட்டை. திங்கட்கிழமை பத்து மணி லாரியில் திரும்பிப் போகும்.

மறுநாள் மதியம் அந்த லாட்டை அனுப்பிய தோட்டக்காரம்மாவே வந்துவிட்டார். நனைந்த குடையை மடக்காமல் வாசலில் நின்றார். கையில், லாட்டைத் தள்ளி நாங்கள் அனுப்பிய சீட்டு.

"இதுல காரணம்னு போட்டிருக்கிற இடத்துல மாமியார் பெட்டின்னு எழுதியிருக்கு. படிச்சுப் பார்த்துட்டு என் வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு மாமியாரே கிடையாதுங்க. நான் கட்டிக்கிட்டு வரும்போதே அவங்க இல்ல. என் தோட்டத்துக் காப்பியில யாரோட மாமியாருங்க வந்து உட்கார்ந்திருக்காங்க?"

வறுவலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

"அது எங்களுக்குள்ள பேசிக்கிற சொல்லும்மா" என்றார் மேடம். "பூட்டியே வெச்ச பெட்டியைத் திறந்தா வருமே, அந்துருண்டையும் பழைய துணியும் சேர்ந்து, அந்த வாசனை."

"அதை அப்படியே எழுதியிருக்கலாமே. நாலு வாரம் காய வெச்சு, கொட்டை கொட்டையா பொறுக்கியிருக்கேன். எதுக்காகத் தள்ளினீங்கன்னாவது எனக்குப் புரிய வேணாமா?"

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது நான் சீட்டைப் பார்த்தேன். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் தரையில் ஒரு சிறு குளமாகியிருந்தது. அவர் போன பிறகும் அதை யாரும் துடைக்கவில்லை.

"அந்த அம்மா சொல்றது நியாயம்" என்றார் மேடம். "நம்ம சொல் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதணும். என்ன வாசனை, யார் முதல்ல சொன்னது, எங்க இருந்து வந்ததுன்னு. மூக்கம்மா, நீதான் புத்தகம் படிக்கிற ஆள். திங்கட்கிழமை கொண்டு வா."

சனிக்கிழமை சமையலறை மேஜையில் நோட்டை விரித்து உட்கார்ந்தேன். பதினெட்டு வருடமாக வாயில் புழங்கிய சொற்கள். ஒன்றையும் நான் நின்று பார்த்ததில்லை.

'ஞாயிறு' சுலபமாக வந்தது. குறையும் இல்லாமல், தனியான குணமும் இல்லாமல், இதமாக இருக்கும் காப்பி. எனக்கு முன் அந்த மேஜையில் இருந்தவர், ஒரு கிண்ணத்தைத் துப்பிவிட்டு, "இதுல எனக்கு வேலையே இல்ல, ஞாயித்துக்கிழமை மாதிரி இருக்கு" என்றாராம். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சொல் போகவில்லை.

'மாமியார் பெட்டி' வறுவலுடையது. போன் செய்து கேட்டேன்.

"கல்யாணத்துக்கு அவங்க பெட்டியைத் திறந்து, மாமனாரோட கோட்டை எடுத்துக் குடுத்தாங்கக்கா. நான் போட்டுக்கிட்டேன். போட்டோ எல்லாத்துலயும் தும்மிக்கிட்டே நிக்கிறேன். மறுவாரம் ஒரு கிண்ணத்துல அதே வாசனை. வாய் தவறி வந்துடுச்சு. எழுதுறதுதான் எழுதறீங்க, மாமியார் நல்லவங்கன்னும் ஒரு வரி சேர்த்துடுங்க. நோட்டு வீடு வரைக்கும் வந்துடப் போகுது."

'பரீட்சை' மேடத்தின் சொல். பென்சில் சீவிய தூள் போல ஒரு மர வாசனை. ஞாயிற்றுக்கிழமை தயங்கித் தயங்கி அவரை அழைத்தேன். 

"மூணு மணி நேரம்" என்றார். "கேள்வித்தாள்ல ஒண்ணுகூடத் தெரியல. எழுந்து போகவும் வெட்கம். பென்சிலைச் சீவிக்கிட்டே இருந்தேன், நகம் அளவுக்கு வர்ற வரைக்கும். அதுல பெயிலானதாலதான் இந்த வேலைக்கு வந்தேன். எழுதிக்கோ. மறைக்க ஒண்ணுமில்ல."

மறைக்க ஒன்றுமில்லை. அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

கடைசியாக என் சொல் மட்டும் மீதி இருந்தது. 'அப்பா சட்டை.' ஈரத் துணி மேல் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டதும் எழும்புமே, அந்த வாசனை. சற்று அதிகமாக வறுபட்ட கொட்டையில் வரும். எல்லோருக்கும் பிடித்த சொல். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அப்பா சட்டை இஸ்திரி போடுவார், அதில் கேட்க என்ன இருக்கிறது?

அப்பா தினமும் காலை ஏழு மணிக்கு சட்டையில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போவார். எனக்குப் பதிமூன்று வயதில் ஒரு நாள், பள்ளிக்கூடம் பாதியில் விட்டதால், நூலகத்துக்குப் போனேன். பத்திரிகை படிக்கும் பகுதியில், அதே சட்டையோடு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் பத்திரிகை விரிந்திருந்தது. அவர் படிக்கவில்லை. ஆலையிலிருந்து அவரை அனுப்பி அப்போது பதினொரு மாதம் ஆகியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கைமாற்று வாங்கி மாதா மாதம் சம்பளம் என்று கொண்டுவந்திருக்கிறார். அன்று நான் அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவர் மறுபடி சட்டைக்குத் தண்ணீர் தெளித்தார். அந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. இவர் எவ்வளவு தனியாக இருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

பேனா நின்றுவிட்டது. எழுபது நாட்களாக நானும் காலை எட்டரைக்கு வெள்ளை மேலங்கி மாட்டிக்கொண்டு, கரண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் நிற்கிறேன். என் முன்னாலும் ஒன்று விரிந்திருக்கிறது. நானும் படிக்கவில்லை.

கணவர் சீருடையோடு உள்ளே வந்தார். அடுப்பை அணைத்தார்.

"பால் அடிப்பிடிச்சு பத்து நிமிஷம் ஆச்சும்மா. தெருமுனை வரைக்கும் வருது."

அடுப்பு எனக்கு மூன்று அடி தூரத்தில் இருந்தது. நான் பாத்திரத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"இது மூணாவது பால்" என்றார். "ரெண்டு மாசமா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். நீயா சொல்லுவேன்னு விட்டுட்டேன்."

"நீங்களா கேட்டிருக்கலாம்ல?"

"நான் ஒரு வார்த்தை கேட்டா நீ ஒரு வாரம் பேச மாட்டே. அந்தப் பயம்தான்."

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. நாற்பது மூட்டையைப் பற்றிச் சொன்னேன். மழையில் குடையோடு நின்ற அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவர் வேறொரு பாத்திரத்தில் பால் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த லாட்டைத் திரும்பப் பார்க்க வழி இருக்கா?"

"குறை சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் சொன்னதை வாபஸ் வாங்கணும்."

"ஒருத்தர்னா?"

"நான்தான்."

"வேலை போயிடுமா?"

"மூக்கில்லாத ஆளை வெச்சு என்ன பண்ணுவாங்க?"

எப்போதும் பேசுகிற மனிதர் பேசாமல் இருந்தால் வீடு பெரிதாகிவிடுகிறது. பால் பொங்குவதற்குள் அணைத்துவிட்டு, "நாளைக்கு என் வண்டியிலேயே வா. முதல் சீட்டு உனக்கு" என்றார்.

திங்கட்கிழமையும் மழை. ஒன்பது மணிக்கு லாரி வந்து நின்றுவிட்டது. கிடங்கில் மூட்டைகளை வாசலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அறையில் அன்றைய கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. மேடம் வெந்நீர்க் கெண்டியைத் தூக்கினார். ஊற்றத் தொடங்கிவிட்டால் பேச முடியாது.

"மேடம், ஊத்தாதீங்க."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எனக்கு வாசனை தெரியல. எழுபத்துமூணு நாளா தெரியல. வியாழக்கிழமை நான் சொன்னது பொய். லேப் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். அந்த லாட்டுல நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

கெண்டியின் மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. மேடம் அதைக் கீழே வைக்கவே மறந்துவிட்டார். எனக்கு மௌனம் புதிதல்ல. வாழ்க்கையில் பாதியை அதற்குள்தான் கழித்திருக்கிறேன். ஆனால் அன்று அதன் வெளிப்பக்கத்தில் நின்றேன்.

வறுவல்தான் முதலில் பேசினான். "அதான் பார்த்தேன். போன மாசம் என் தலையெண்ணெயை மாத்தினேன். மல்லிகை. லேப் திட்டுது, மேடம் திட்டுறாங்க, நீங்க ஒண்ணுமே சொல்லல. அக்கா திருந்திட்டாங்கன்னு நினைச்சுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் கெண்டியை வைத்தார். "லாரியை நிறுத்து" என்றார் அவனிடம். "கிடங்குல பத்து மூட்டையிலிருந்து புதுசா சாம்பிள் எடு."

ஒரு மணி நேரத்தில் அதே லாட்டிலிருந்து பத்துக் கிண்ணங்கள் மேஜையில் இருந்தன. எனக்குக் கரண்டி தரவில்லை. சுவரோரம் நின்றேன். கரண்டி இல்லாததால் கரண்டியைப் பார்க்க வேண்டியதில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக, ருசி பார்க்கும் மனிதர்களைப் பார்த்தேன். வறுவல் கண்ணை மூடிக்கொள்கிறான். மேடத்தின் இடது கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. லேப் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்னால் மூச்சை முழுக்க வெளியே விடுகிறாள்.

முதல் நான்கு கிண்ணத்திலும் லேப்பின் முகத்தில் ஒன்றுமில்லை. கிடங்குப் பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்திருந்ததால் ஈரக் காற்று வந்தது. அவள் தோளைக் குறுக்கினாள். பையிலிருந்து ஒரு பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கைகள் நீளமாக, விரல் வரை மூடின. ஐந்தாவது கிண்ணத்தின் மேல் குனிந்தாள். அவள் மூக்கு சுருங்கியது.

வியாழக்கிழமையும் இதேபோல. அப்போதும் ஐந்தாவது லாட்டுக்கு முன்னால்தான் குளிருது என்று இதே ஸ்வெட்டரைப் போட்டு, கையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தேன்.

"நிறுத்துங்க" என்றேன். நடுவில் பேசுவது அந்த அறையில் அதுவரை நடக்காத காரியம். "வறுவல், அவ ஸ்வெட்டரை முகர்ந்து பாரு."

"அக்கா, அது மரியாதையா இருக்காது..."

"கையை மட்டும் பாருடா!"

அவன் குனிந்தான். தும்மினான். இன்னொரு தும்மல். "மேடம்! என் கல்யாண போட்டோ மாதிரியே இருக்கு!"

லேப் தன் கையைத் தானே முகர்ந்தாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று. "போன வாரம் குளிர்னு சொன்னதும் எங்க மாமியார் எடுத்துக் குடுத்தாங்க மேடம். பெட்டியிலிருந்து."

"அப்ப நீ சொன்னது தப்பே இல்லையே தங்கச்சி" என்றான் வறுவல். "பெட்டி சரி. கிண்ணம்தான் தப்பு."

சென்ட் போடாதே, எண்ணெய் வைக்காதே, வெங்காயம் சாப்பிட்டுவிட்டு வராதே என்று எங்களுக்கு ஆயிரம் விதி இருந்தது. ஸ்வெட்டரை யாரும் யோசித்ததில்லை. லேப் அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி புதுக் கிண்ணங்கள், மறுபடி நான்கு நிமிடம்.

"ஒண்ணுமில்ல. சுத்தம்" என்றாள். குரல் சின்னதாக இருந்தது.

"சுத்தம். கொஞ்சம் பரீட்சை வாசனை இருக்கு. நல்லாவே இருக்கு" என்றான் வறுவல்.

மேடம் பழைய சீட்டைக் குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டார். தோட்டக்காரம்மாவுக்கு அவரே போன் செய்தார். தவறு எங்கள் பக்கம் என்று சொல்வது காதில் விழுந்தது. யார் பக்கம் என்று சொல்லவில்லை. மறுமுனையில் பெரிய குரல் கேட்டது. கோபமா மகிழ்ச்சியா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்றார் மேடம் பிறகு.

நான் மேலங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க கிளம்பிட்டே?"

"மேடம்..."

"பொய் சொன்னதுக்கு உனக்கு மன்னிப்பு இல்ல. அதை இன்னொரு நாள் பேசுவேன், நல்லா பேசுவேன்." அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார். அங்கே அப்பா இருந்தார். வெகுநேரம் படித்தார். "நாக்கு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப நாளையிலிருந்து நாக்குக்குத் தெரியறதை மட்டும் சொல்லு. புளிப்பு, கசப்பு, இனிப்பு, கனம். வாசனை பத்தி வாயே திறக்கக் கூடாது. குறை சொல்றதுல உன்னைச் சேர்க்க மாட்டேன். இன்னொண்ணு, நீதான் முதல்ல சொல்லணும். லேப்புக்கு முன்னாடி. உனக்கு முன்னாடி யாருமே இருக்க மாட்டாங்க."

பதினெட்டு வருடம் கழித்து, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நின்ற இடத்துக்கே போனேன். தண்டனைதான். ஆனால் மறுநாள் அந்த முனையில் நின்று, யாரும் பேசியிராத அமைதிக்குள் "புளிப்பு நடுத்தரம், கனம் குறைவு" என்று சொன்னபோது, நெஞ்சில் எழுபது நாட்களாக இருந்த ஏதோ ஒன்று இடம் மாறியது. நான் சொன்னது சின்னது. அது என்னுடையதாக இருந்தது.

நோட்டில் மேடம் தன் கையாலேயே ஒரு சொல் சேர்த்திருந்தார். 'ஸ்வெட்டர்: குறை காப்பியில் இல்லை, ருசி பார்க்கிறவரிடம்.' முதலில் சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர். அங்கே இருக்க என் பெயருக்கு உரிமை உண்டா என்று கேட்க நினைத்தேன்.

அதற்குப் பின் ஐந்து வாரம் போனது. ஒரு காலை, வெயில் நன்றாக அடித்தது, ஜன்னல்கள் திறந்திருந்தன. நான் வழக்கம்போல ஏட்டை உடைத்துக் குனிந்தேன். மூக்கைக் கொண்டுபோவது வெறும் பழக்கம்தான். எதையும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டிருந்தேன். ஏதோ ஒன்று குத்தியது. பழைய டயரை யாரோ தெருவில் கொளுத்தியது போல. குமட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்தேன். மறுபடி குனிந்தேன். அங்கேயே இருந்தது.

எல்லோரும் துப்பி முடிக்கும் வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முறைதான் முதலாவது.

"புளிப்பு குறைவு. கனம் நல்லா இருக்கு" என்றேன். பிறகு, "வாசனை பத்தி ஒண்ணு சொல்லலாமா மேடம்?"

"சொல்லு."

"ரப்பர். எரியிற ரப்பர். ரொம்ப அசிங்கமா இருக்கு."

லேப் தன் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தாள். வறுவல் முகர்ந்தான்.

"இல்லையேக்கா. இது ஞாயிறு. சுத்த ஞாயிறு."

"எனக்கு ரப்பர்தான்" என்றேன். கண்ணீர் வழிந்து உதட்டுக்கு வந்தது. அதன் உப்பும் தெரிந்தது. "டாக்டர் சொன்ன மாதிரியே நாத்தம் தாங்கல."

மேடம் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். என் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த அடுத்த கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இதையும் பாரு" என்றார்.